கேம்பஸ் டூரில் மானம் போகும் இடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் படித்த காலத்தில் மூன்று வருடம் டூர் கைடாக வேலை பார்த்தேன். இங்கே சேரலாமா வேண்டாமா என்று பார்க்க வரும் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் கேம்பஸ் முழுக்கச் சுற்றிக் காட்டுகிற வேலை. கீழே உள்ள கேள்விகளில் பாதி அப்போது என்னிடம் கேட்டவை. மீதி, கேட்க வாயெடுத்துவிட்டு விழுங்கியவை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

டூர் என்றால் என்ன நடக்கும்?

முதலில் ஓர் அரங்கில் உட்காரவைத்து அட்மிஷன் ஆபீஸ்காரர் ஒருவர் அரை மணி, முக்கால் மணி பேசுவார். பிறகு கூட்டத்தைக் குழு குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு கைடிடம் ஒப்படைப்பார்கள். கைடு அங்கேயே படிக்கிற மாணவர்தான். நூலகம், வகுப்பறை, ஜிம், விடுதியில் ஓர் அறை என்று ஒன்று, ஒன்றரை மணி நேரம் நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள்.

இதில் அசடு வழிய என்ன இருக்கிறது என்று தோன்றும். பதினேழு வயசுப் பிள்ளையை அதன் அப்பா அம்மாவோடு, முன்பின் தெரியாத அதே வயசுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் பார்க்க, ஒன்றரை மணி நேரம் நடக்கவிட்டுப் பாருங்கள்.

கைடு ஏன் பின்பக்கமாகவே நடக்கிறார்? விழமாட்டாரா?

முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் முதல் வரிசையைத் தாண்டிக் குரல் போகாது. அதனால் பல கல்லூரிகளில் கைடு கூட்டத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடப்பார். பயிற்சியின்போதே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். இது ஆபத்து என்று நிறுத்தச் சொல்லி, நின்று பேசிவிட்டுத் திரும்பி நடக்கவைக்கிற கல்லூரிகளும் உண்டு.

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. பின்னால் என்ன வருகிறது என்பதை எனக்குச் சொல்வது உங்கள் கண்தான். முன்வரிசையில் நாலு பேர் ஒரே சமயத்தில் என் தோளுக்கு மேலே பார்த்தால் சைக்கிள் வருகிறது. பார்வை கீழே போனால் படி. அம்மாக்கள் மட்டும் புருவத்தைத் தூக்கினால் தரை ஈரம். எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அன்றைக்கு என் கதி அதோகதி.

விழுந்தும் இருக்கிறேன். இரண்டாம் வருடம், ஓர் அக்டோபர் காலை. "இந்தக் கேம்பஸ் ரொம்பச் சின்னது, ஒரு வாரத்துல கண்ணைக் கட்டி விட்டாக்கூட நடந்துடுவீங்க" என்று சொன்னேன். அந்த வாக்கியம் முடிவதற்குள் இடுப்பளவு உயரப் புதர் வேலிக்குள் மல்லாந்து கிடந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. இருபது பேரும் மூச்சுவிடாமல் நிற்கிறார்கள், என் இரண்டு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கடைசியில் ஒரு பாட்டி முன்னால் வந்து கையைக் கொடுத்து, "கண்ணைக் கட்டாமலே இப்படியா?" என்றார். அப்புறம்தான் சிரித்தார்கள்.

ஒன்றைக் கவனித்தேன். அதுவரை வாயே திறக்காமல் வந்த பிள்ளைகள், நான் தலையிலிருந்து இலையைத் தட்டிக்கொண்டு எழுந்த பிறகு வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார்கள். இங்கே தனிமையாக இருக்குமா, பிடிக்காத ரூம்மேட் வந்தால் என்ன செய்வது, நீங்கள் எப்போதாவது அழுதிருக்கிறீர்களா. நல்லா இருக்கிறதே என்று அடுத்த டூரில் வேண்டுமென்றே தடுமாறிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அப்பா கேள்வி கேட்டே மானத்தை வாங்குகிறார். என்ன செய்வது?

எல்லா டூரிலும் ஓர் அப்பா உண்டு. சில சமயம் அம்மா. கையில் மடித்த தாள், அதில் நம்பர் போட்ட கேள்விகள்.

என் நினைவில் நிற்கிறவர் ஒல்லியான, உயரமான மனிதர். மகள் அவருக்கும் தனக்கும் பத்தடி தூரம் விட்டு, அடுத்த குடும்பத்துப் பெண் மாதிரி வந்துகொண்டிருந்தாள். நூலக வாசலில் முதல் கேள்வி: "விடுதியில் மாடிக்கு எத்தனை வாஷிங் மெஷின்?" தெரியாது என்றேன். "எவ்வளவு எடை தாங்கும்?" அதுவும் தெரியாது. "ஓடும்போது ஆடுமா? பக்கத்து அறையில் தூங்குகிறவர்களுக்கு அதிருமா?" விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். தாளில் அந்த வரிக்குப் பக்கத்தில் என் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டார். மகள் இருபதடி தூரத்துக்குப் போய்விட்டாள்.

ஆய்வகத்துக்குப் பக்கத்தில் போனதும் அடுத்தது: "மார்க்கை எந்த முகவரிக்கு அனுப்புவீர்கள்? வீட்டுக்கா, எனக்கு மெயிலிலா?" அமெரிக்காவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. ஃபெர்பா என்று சுருக்கிச் சொல்கிற 1974-ஆம் ஆண்டுச் சட்டம். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அந்தப் பதிவுகள் மீதான உரிமை மாணவருக்குப் போய்விடும். சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும், மாணவர் சம்மதிக்காமல் மார்க்கைப் பெற்றோருக்குப் பொதுவாக அனுப்ப மாட்டார்கள். இதை நான் மெதுவாகச் சொல்லி முடித்தேன். "கட்டணம் கட்டுறது நான்," என்றார். ஆமாம் சார் என்றேன். "மார்க் மட்டும் அவளுக்கு." ஆமாம் சார். அந்தக் காலை முழுக்க மகள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: தூரம் தள்ளிப் போய் நிற்பதால் யாரையும் ஏமாற்ற முடியாது. முகஜாடையை எங்கே ஒளிப்பீர்கள்? முடிந்தால் முந்தின நாள் ராத்திரி அந்தத் தாளை வாங்கி, மூன்று கேள்வியை நீங்கள் எடுத்துக்கொண்டு மூன்றை அவருக்கு விடுங்கள். மற்றபடி, உங்கள் அப்பாவைப் பற்றி உங்களைத் தவிர வேறு யாரும் யோசிப்பதில்லை. மற்றப் பிள்ளைகள் எல்லாம் தங்கள் அப்பா எப்போது வாயைத் திறப்பாரோ என்ற பயத்தில் இருக்கிறார்கள்.

கைடிடம் கேட்கவே கூடாத கேள்வி உண்டா?

"உனக்கு எஸ்.ஏ.டி.யில் எத்தனை?" கல்லூரியில் சேர எழுதுகிற தேர்வின் மார்க் அது, கேட்காதீர்கள். கைடு எந்த எண்ணைச் சொன்னாலும் கூட்டத்தில் யாராவது ஒரு பிள்ளையின் முகம் விழும். "வேறு எங்கெல்லாம் இடம் கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை?" என்பதும் அப்படித்தான். எனக்கு எங்கே கிடைக்கவில்லை என்பதை அதே கல்லூரியின் பெயர் பொறித்த சட்டைபோட்ட பையன் முன்னால் சொல்ல நேர்ந்தது. வேண்டாம் அந்தக் கதை.

மற்றபடி சங்கடமான கேள்விகளைத் தாராளமாகக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஒரு அம்மா, "இங்கே பசங்க குடிப்பாங்களா?" என்று கேட்டார். கூட்டம் கப்சிப். அமெரிக்காவில் 21 வயதுக்குக் கீழே மது வாங்க முடியாது. கல்லூரியில் பாதிப் பேருக்கு மேல் அந்த வயதை எட்டாதவர்கள். இல்லை என்றால் பொய், ஆமாம் என்றால் அட்மிஷன் ஆபீஸில் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். "குடிக்கிறவங்க இருக்காங்க, குடிக்காதவங்களுக்கும் சனிக்கிழமை ராத்திரி பொழுது போகும்" என்றேன். மூன்று வருடத்தில் நான் சொன்ன பதில்களில் இது ஒன்றைத்தான் பிறகு மற்ற கைடுகளும் எடுத்துக்கொண்டார்கள்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டால் "எனக்கு இங்கே பயமே இல்லை" என்று கைடு சொல்வார். அது அவருடைய அனுபவம், அவ்வளவுதான். 1990-இல் வந்த க்ளெரி சட்டப்படி, மத்திய அரசின் மாணவர் உதவித்தொகைத் திட்டங்களில் உள்ள கல்லூரிகள் தங்கள் கேம்பஸ் குற்றக் கணக்கை வருடா வருடம் வெளியிட்டாக வேண்டும். வீட்டுக்குப் போய் அதை எடுத்துப் படியுங்கள். கைடின் முகத்தைத் துருவுவதை விட அது மேல்.

நீல விளக்குக் கம்பத்தைக் காட்டாத டூர் உண்டா?

நான் பார்த்ததில்லை. கேம்பஸில் அங்கங்கே நீல விளக்கு எரிகிற கம்பம் நிற்கும். அதில் ஒரு பொத்தான். அழுத்தினால் கேம்பஸ் போலீஸோடு நேரே பேசலாம். கைடு இதைச் சொல்லும்போது பெற்றோர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

ஒரு தடவை நான் "ஒரு நிமிஷத்துக்குள் பதில் வரும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அக்காவோடு வந்திருந்த ஆறு வயசுப் பையன் பொத்தானை அழுத்திவிட்டான். விளக்கு பளிச் பளிச்சென்று வெட்ட ஆரம்பித்தது. அவன் அம்மா அவன் கையைத்தான் பிடித்து இழுத்தாரே தவிர, அழுத்தினதை எப்படித் திரும்ப எடுப்பது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். கம்பத்திலிருந்து கனத்த குரல்: "உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" பையன் கொஞ்சம் யோசித்தான். கம்பத்துக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், "பாத்ரூம் எங்கே இருக்கு?" என்றான்.

அந்தக் குரல் ஒரு விநாடி மௌனமானது. பிறகு மிகப் பொறுப்பாக, வலதுபக்கக் கட்டடம், உள்ளே போய் இடதுபுறம் என்று வழி சொன்னது. அந்தக் குழுவில் பாதுகாப்பு பற்றி அதற்கப்புறம் யாரும் கேள்வி கேட்கவில்லை.

டூரில் சொல்கிற கதைகள் எல்லாம் உண்மையா?

பாதிக்கு மேல் இல்லை. நானே மூன்று வருடம் ஒரு பொய்யைச் சொன்னேன்: புத்தகங்களின் எடையைக் கணக்கில் சேர்க்க ஆர்க்கிடெக்ட் மறந்துவிட்டதால் எங்கள் நூலகம் வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூமிக்குள் இறங்குகிறது என்று. சீனியர் கைடிடம் கேட்டது. பிறகு பார்த்தால் இந்தியானா பல்கலைக்கழகத்திலும் அதே கதை, வேறு பல கேம்பஸ்களிலும் அதே கதை. எல்லா ஊர் ஆர்க்கிடெக்டும் ஒரே விஷயத்தையா மறப்பார்கள்? ஒரு டூரில் கட்டட இன்ஜினியர் ஒருவர் வந்திருந்தார். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, அஸ்திவாரத்தில் எடையை எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்று பத்து நிமிடம் பொறுமையாக விளக்கினார். கூட்டம் அவரோடு போய்விட்டது. நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிரிட்டனில் கேம்பிரிட்ஜின் குவீன்ஸ் கல்லூரியில் கணிதப் பாலம் என்று ஒரு மரப்பாலம் இருக்கிறது. நியூட்டன் கட்டினார், ஓர் ஆணிகூட இல்லாமல் கட்டினார், மாணவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சேர்க்கத் தெரியாமல் விழித்தார்கள் என்று கதை. பாலம் கட்டியது 1749-இல். நியூட்டன் இறந்தது 1727-இல். பாலத்தில் போல்ட்டுகள் கண்ணுக்குத் தெரிகிறபடியே இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் இந்தக் கதையையும் கேட்பார்கள்.

ஹார்வர்டில் நிலைமை இன்னும் வேடிக்கை. அங்கே 1884-இல் வைத்த ஒரு சிலையின் பீடத்தில் "ஜான் ஹார்வர்ட், நிறுவனர், 1638" என்று எழுதியிருக்கிறது. கல்லூரி தொடங்கியது 1636-இல். அவர் நிறுவனர் இல்லை, தன் சொத்தில் பாதியையும் புத்தகங்களையும் எழுதிவைத்துவிட்டுப் போன கொடையாளி. முகமும் அவருடையது இல்லை. அவருடைய படம் எதுவும் இல்லாததால் ஒரு மாணவரை உட்காரவைத்து வடித்தார்கள். மூன்று பொய்களின் சிலை என்றே அதற்குப் பெயர். அதிர்ஷ்டம் வரும் என்று வருகிறவர்கள் எல்லாம் இடது காலைத் தடவித் தடவி அந்தப் பாதம் மட்டும் தங்கமாகப் பளபளக்கிறது. ராத்திரி நேரத்தில் மாணவர்கள் அந்தச் சிலைமேல் சிறுநீர் கழிப்பார்கள் என்று ரொம்ப நாளாகவே ஒரு பேச்சு. இதைக் கைடு காலைத் தடவுவதற்கு முன்னால் சொல்கிறாரா, பின்னால் சொல்கிறாரா என்பதைப் பொறுத்து அவர் குணத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

சில கதைகளை அப்பா அம்மா பக்கத்தில் நிற்கும்போது கேட்பதே ஒரு தண்டனை. கார்னெலில் நிறுவனர் எஸ்ரா கார்னெல், முதல் தலைவர் ஆண்ட்ரூ வொயிட் இருவரின் சிலைகளும் திறந்த புல்வெளியின் இரு பக்கம் எதிரெதிரே இருக்கின்றன. நடுராத்திரியில் ஒரு கன்னிப்பெண் அந்தப் பக்கம் கடந்துபோனால் இரண்டு பேரும் இறங்கி நடந்துவந்து கைகுலுக்குவார்கள் என்பது கதை. நடுவில் காலடித் தடங்களைக்கூட வரைந்துவைப்பதுண்டு. தடம் எதற்கு என்று ஒரு தாத்தா கேட்டுவிட்டால் கைடு என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். தம்பி தங்கைகள் வேறு கூட வந்திருப்பார்கள்.

மூடநம்பிக்கை இடங்களில் கால் வைக்கலாமா?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தரையில் பதித்த வெண்கல 'M' எழுத்தை மிதித்தால் முதல் பரீட்சை ஊற்றிக்கொள்ளும் என்பார்கள். பிரின்ஸ்டனில் பட்டம் வாங்குமுன் முன்வாசல் கேட் வழியாக வெளியே போனால் பட்டமே கிடைக்காது என்பார்கள். ரெண்டுமே அங்கே சேர்ந்துவிட்டவர்களுக்கான விதி. நீங்கள் இன்னும் விண்ணப்பமே போடவில்லை, தைரியமாக நடங்கள். ஆனால் உங்கள் பிள்ளை ஒதுங்கிச் சுற்றிப்போகிறது என்றால் கிண்டல் செய்யாதீர்கள். எந்தக் கல்லூரி மனசுக்குப் பிடித்துவிட்டது என்பதை அது வாயால் சொல்லாது. காலைப் பார்த்தால் தெரியும்.

தப்பான வார்த்தை சொல்லிவிட்டால் சிரிப்பார்களா?

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கேம்பஸ் என்று சொன்னால் கைடு சிரித்தமுகமாகத் திருத்துவார். அங்கே அது கிரவுண்ட்ஸ். முதல் வருட மாணவரை ஃப்ரெஷ்மேன் என்று சொல்லமாட்டார்கள், ஃபர்ஸ்ட் இயர்தான். ஆக்ஸ்ஃபோர்டில் தெருவில் நின்று "யுனிவர்சிட்டி எந்தப் பக்கம்?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல் விழிப்பார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளாக ஊர் முழுக்கச் சிதறிக் கிடப்பதுதான் யுனிவர்சிட்டி, நீங்கள் அதற்குள்தான் நிற்கிறீர்கள்.

போட்டிக் கல்லூரியின் ஹூடியைப் போட்டுக்கொண்டு வருவது வேறு ரகம். அதற்கு நிச்சயம் சிரிப்பார்கள்.

விடுதி அறையைக் காட்டும்போது உள்ளே ஆள் இருந்தால்?

பல கல்லூரிகள் டூருக்கென்றே ஓர் அறையை ஒதுக்கிவைத்திருக்கும். யாரும் படுக்காத படுக்கை, யாரும் படிக்காத மேசை, நேராக ஒட்டிய போஸ்டர். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

எங்கள் மாதிரி அறைக்கு ஒரு வாரம் பெயின்ட் அடித்தார்கள். தெரிந்த நண்பனிடம் கெஞ்சி அவன் அறையைக் காட்ட ஏற்பாடு செய்தேன். கதவைத் தட்டினேன், "அஞ்சு நிமிஷம்" என்றான். உள்ளே எதையோ இழுக்கிற, தள்ளுகிற சத்தம். கதவு திறந்ததும் ஒரு வாடை வந்தது, அதை விவரிக்கப்போவதில்லை. ஒரு கட்டிலைச் சுத்தம் செய்திருந்தான். அடுத்த கட்டிலில் துணி, போர்வை, தலையணை எல்லாம் ஒரு குன்றாகக் குவிந்து கிடந்தது. பத்துப் பேர் உள்ளே நெருக்கியடித்து நின்றார்கள். ஓர் அம்மா அந்தக் குன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கணவரிடம் கிசுகிசுத்தார்: "அது துணியா, ஆளா?"

"ஆள்தாங்க," என்றது குன்று.

டூர் முடிந்து போகும்போது மூன்று குடும்பங்கள் தனித்தனியாக என்னிடம் வந்து, இதுவரை பார்த்த ஆறேழு கல்லூரிகளில் இதுதான் நிஜமான அறை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அட்மிஷன் ஆபீஸில் மட்டும் அதை அந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கவில்லை.

வழியில் போகிற மாணவர்கள் கத்துகிறார்களே?

"இங்க சேராதீங்க! இன்னும் நேரம் இருக்கு, ஓடிடுங்க!" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் வரும். பல கேம்பஸ்களில் இது சகஜம். பரீட்சை வாரத்தில் குரல் கொஞ்சம் உண்மையாகவே ஒலிக்கும். என் நண்பர்கள் அதைவிடக் கேவலமானவர்கள். என் குழுவைக் கடந்துபோகும்போது ஒருத்தன் இன்னொருத்தனிடம் சத்தமாக, "ஏன்டா, அந்தப் பாம்பைக் கண்டுபிடிச்சாங்களா இல்லையா?" என்பான். மற்றவன், "எந்தப் பாம்பு, முதல் பாம்பா ரெண்டாவதா?" என்பான். அன்றைக்கு முழுக்க எல்லாரும் தரையைப் பார்த்தே நடப்பார்கள். பார்வையெல்லாம் கீழேயே இருப்பதால் படி எங்கே வருகிறது என்றும் எனக்குத் தெரியாது.

தப்பான குழுவில் மாட்டிக்கொண்டால்?

கைடிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு கடைசிவரை வராதீர்கள். ஒருவர் அப்படி வந்தார். நாற்பது வயதிருக்கும், தனியாக வந்திருந்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நூலகம், ஆய்வகம், நீச்சல்குளம், எல்லாம் பார்த்தார். பிள்ளை வரவில்லை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்து அவருக்குத் தனியாக இரண்டு விஷயம் விளக்கினேன். முடிவில் "கேள்வி ஏதாவது?" என்றதும் கையைத் தூக்கினார். "பார்க்கிங் அபராதம் எங்கே கட்டணும்?" அதற்கான வரிசை என்று நினைத்துத்தான் காலையில் எங்கள் கூட்டத்தில் வந்து நின்றிருக்கிறார்.

பாதியில் கழன்றுகொள்வது மரியாதைக்குறைவா?

இல்லை. பத்தாவது நிமிடத்திலேயே "இது நமக்கு வேண்டாம்" என்று தோன்றிவிடும் பிள்ளைகள் உண்டு. அடுத்த கட்டடத்துக்கு நகரும்போது கைடிடம் ஒரு தலையசைப்பு, போதும். கைடு உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது குடும்பத்தோடு பூனைநடை போட்டு வெளியேறாதீர்கள். நான் கூட்டத்தைப் பார்த்தபடிதான் நிற்கிறேன், எல்லாம் தெரியும்.

டூரில் அசடு வழிந்தால் அட்மிஷனுக்கு ஆபத்தா?

எங்கள் கல்லூரியில் கைடுகளுக்கு எந்தப் பிள்ளையைப் பற்றியும் எழுதிக்கொடுக்கிற வேலை கிடையாது. உங்கள் பெயரே எனக்கு நினைவிருக்காது. வந்தீர்கள் என்பதை ஆர்வத்தின் அடையாளமாகக் கணக்கில் சேர்க்கிற கல்லூரிகள் சில உண்டு. அங்கேயும் பதிவேட்டில் பெயர் ஏறுவதுதான் விஷயம், நீங்கள் கதவில் இடித்துக்கொண்டது இல்லை. நேர்முகம் தனி. அது டூர் நாளிலேயே வைத்திருந்தால், தயவுசெய்து முதலில் அதை முடித்துவிட்டு அப்புறம் ஜோக் அடியுங்கள்.

என் பிள்ளை வாயே திறக்கவில்லை. தப்பாக நினைப்பார்களா?

பேசாமல் வருவதுதான் வழக்கம். கைடு யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் கூட வருகிறவர்கள் எடுத்துக்கொண்ட கதை ஒன்று உண்டு, அதில் சிரிக்க எதுவும் இல்லை. 2018 ஏப்ரல் 30 அன்று, பூர்வகுடி அமெரிக்கச் சகோதரர்கள் இருவர் நியூ மெக்ஸிகோவிலிருந்து பல மணி நேரம் காரோட்டி கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழக டூருக்கு வந்தார்கள். முறையாகப் பதிவு செய்தவர்கள். வந்துசேரத் தாமதமாகிவிட்டது, இயல்பாகவே அதிகம் பேசாத பையன்கள். டூரில் இருந்த ஓர் அம்மா, இவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று போலீஸைக் கூப்பிட்டார். விசாரித்து அனுப்புவதற்குள் டூர் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. பையன்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். பல்கலைக்கழகம் பிறகு மன்னிப்புக் கேட்டது.

அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து, தாமதமாக வந்து கடைசியில் ஒட்டிக்கொள்கிற பிள்ளைகளிடம் நானாகப் போய் எங்கிருந்து வருகிறீர்கள் என்று இரண்டு வார்த்தை பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

முடிந்ததும் கைடுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். சில கல்லூரிகளில் மணிக்கணக்கில் சம்பளம் உண்டு, சிலவற்றில் சும்மா ஆர்வத்துக்குச் செய்கிறார்கள். நன்றி சொன்னால் போதும். முடிந்தால் விடுபட்ட கேள்வியை அப்போது கேளுங்கள். கூட்டம் கலைந்து, கைடு மனப்பாடம் செய்த வரிகள் எல்லாம் தீர்ந்துபோய் நிற்கிற நேரம் அது.

கேட்ட கேள்விக்கு அப்புறம் பதில் அனுப்புவதாகச் சொன்னார்கள். அனுப்புவார்களா?

அனுப்ப வேண்டும். நான் ஒன்றை அனுப்பவில்லை.

அடுத்த வருடம் செப்டம்பரில், புது மாணவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற வாரம், விடுதி வாசலில் ஒரு பெண் என்னைப் பார்த்து நின்றாள். எங்கேயோ பார்த்த முகம். அவளுக்குப் பின்னால் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த ஒல்லியான, உயரமான மனிதரைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"நானே எண்ணிட்டேன்," என்றாள். "மாடிக்கு ரெண்டு. ஒண்ணு ஓடலை."

"ஆடுதா?" என்று கேட்டேன்.

"அவர் இப்பத்தான் கீழ வந்திருக்கார். அடுத்து அதைப் பார்க்கத்தான் மேல போறார்."